வெள்ளி முதல் டோக்கன் வரை: காசுக்குப் பின்னால் நிற்பது யார்?

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு பணம். குறிப்பாக, கைத்தொலைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் டிஜிட்டல் டோக்கன்கள். பிட்காயின், ஸ்டேபிள்காயின் என்று பேச ஆரம்பித்தால் நம்மில் பாதிப் பேர் ஆர்வமாக நிமிர்ந்து உட்காருவோம், மீதிப் பேர் “இதெல்லாம் ஏமாத்து வேலை” என்று கையை உதறிவிடுவோம். இரண்டுமே அவசரம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வாயில் வெள்ளி, கையில் காகிதம்

நாம் கடையில் என்ன கேட்கிறோம்? “அண்ணே, எத்தன வெள்ளி?” பேச்சில் ரிங்கிட் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சிங்கப்பூரிலும் வெள்ளிதான். ஒரு காலத்தில் இந்தக் கரைகளில் புழங்கியது உண்மையான வெள்ளி நாணயம். ஸ்பானிய வெள்ளி, மெக்சிகோ வெள்ளி, பிறகு 1903-இல் வந்த நீரிணைக் குடியேற்ற வெள்ளி. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் அதே கதையைத்தான் சொல்கிறது. அந்தப் பழைய நாணயங்களின் பல்பல்லான விளிம்பைக் குறிக்கும் சொல் அது.

1906-இல் நம் வெள்ளியின் மதிப்பை, 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிரிட்டிஷ் பவுனோடு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை, ஓர் ஏற்பாட்டில் இருந்தது. 1967-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. 1971-இல் அமெரிக்கா டாலருக்குத் தங்கம் தரும் வழக்கத்தை நிறுத்தியது. இன்று உங்கள் பணப்பையில் உள்ள நோட்டில் வெள்ளியும் இல்லை, அதன் பின்னால் தங்கமும் காத்திருக்கவில்லை. பேங்க் நெகாரா கவர்னரின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு நாடு, அதன் சட்டம், அதன் வரி வசூல், அதில் வேலை செய்யும் மக்கள்.

ஆக, “டிஜிட்டல் காசுக்குப் பின்னால் ஒண்ணுமே இல்லையே” என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நோட்டுக்குப் பின்னாலும் நீங்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. இருப்பது ஒரு வாக்கு. காசு எந்த வடிவத்தில் வந்தாலும் நாம் பார்க்க வேண்டியது அந்த வாக்கைத்தான்.

டோக்கன் நமக்குப் புதுசா?

கோயில் முகப்பில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம். அது ஒரு டோக்கன். அந்தச் சின்னத் தாளைக் கொண்டுபோய் நாசி லெமாக் கடையில் நீட்டினால் சிரிப்பார்கள். சன்னிதியில் கொடுத்தால் குருக்கள் உங்கள் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்வார். கோயில் நிர்வாகம் கொடுத்த வாக்கைச் சுமந்து வருவதுதான் சீட்டின் வேலை. இந்தச் சீட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாமாக விரும்பி வாங்குகிறோம், இரண்டு நிமிடத்தில் அதன் வேலை முடிகிறது.

இன்னொரு டோக்கன் இருந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து போன நம் மக்களுக்கு, பறித்த காப்பிப் பழத்தின் அளவுக்கு ஏற்ப உலோக வில்லைகளைக் கொடுத்தார்கள். சில்லறைத் தட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். நமக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களில் கதை இன்னும் மோசம். சீனர், ஜாவானியர், தமிழர் சிலர் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தோட்ட முதலாளி தன் பெயர் பொறித்த காசைச் சம்பளமாகக் கொடுத்தார். அந்தக் காசு அந்தத் தோட்டத்துக் கடையில் மட்டும்தான் செல்லும். விலையைப் போடுவதும் முதலாளி. தோட்டத்தை விட்டு ஓடினால் கையில் இருப்பது வெறும் தகரம்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காசு போலி இல்லை. அரிசி, மீன், எண்ணெய் எல்லாம் கிடைத்தது. ஆனால் வெளியே போகும் கதவு அதில் இல்லை. இதே கொடுமையைத் தடுக்கத்தான் இங்கிலாந்தில் 1831-இலேயே சம்பளத்தை நாணயமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு: சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவு செய்ய வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் கேள்வி: இந்த டோக்கனை நான் நினைத்தபோது சாதாரண வெள்ளியாக மாற்றிக்கொண்டு வெளியே வர முடியுமா?

வாழைமரக் காசு

நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1942-இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் தங்கள் சொந்த நோட்டை அச்சடித்தார்கள். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் வாழைமரக் காசு என்று பெயர். தேவைப்பட்ட போதெல்லாம் அச்சடித்தார்கள். பின்னாளில் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. எத்தனை அடித்தோம் என்று கணக்கு வைக்கவே மனமில்லாத காசு அது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்தக் காசு செல்லாது என்று அறிவித்தார்கள். மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இங்கே கதவு பிரச்சினை இல்லை. சந்தையில் எல்லோரும் வாங்கினார்கள், கொடுத்தார்கள். பிரச்சினை வாக்குக் கொடுத்தவன் மேல். அவனைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை, அவன் போனதும் வாக்கும் போய்விட்டது. ஆகவே இரண்டாவது கேள்வி: இந்த வாக்கைக் கொடுத்தது யார், அவர் இஷ்டத்துக்கு அச்சடிக்காமல் தடுப்பது எது?

பேரேடு யார் கையில்?

இப்போ பிட்காயினுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் கூட்டு போதும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 வெள்ளி போடுகிறார்கள். மாதம் ஒருவர் மொத்தத்தை எடுக்கிறார். யார் போட்டார், யார் எடுத்தார் என்பதெல்லாம் தலைவரின் நோட்டுப் புத்தகத்தில். தலைவர் நல்லவராக இருக்கும் வரை கூட்டு ஓடும். அவர் ஓடினால் கூட்டும் ஓடிவிடும். இப்படி ஓடிய கதைகள் எத்தனை! கூட்டை வியாபாரமாக நடத்துவதைத் தடுக்க 1971-இல் மலேசியாவில் தனிச் சட்டமே வந்தது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகளில் உட்கார்ந்து பேரேடு எழுதினார்கள். இங்கே பணம் கட்டி, ஒரு உண்டியல் தாளைக் கொண்டு ஊரில் பணம் எடுக்க முடிந்தது. காசு கப்பல் ஏறவில்லை, வாக்கு மட்டும் ஏறியது. அது வேலை செய்ததற்குக் காரணம் குடும்பப் பெயர். ஒருமுறை வாக்குத் தவறினால் அந்தப் பெயருக்குச் சந்தையில் இடமில்லை.

சரி, தெரியாதவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், உலகம் முழுக்கக் கூட்டுப் போட்டால்? சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 அக்டோபர் 31-இல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தைத் தலைவர் கையில் கொடுக்காதே, எல்லோரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தோடு கணித முத்திரையால் கட்டப்பட்டிருக்கும். பழைய பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் முத்திரை உடைந்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே காசை இரண்டு பேரிடம் கொடுக்கவும் முடியாது. இந்தப் பக்கங்களின் சங்கிலிதான் பிளாக்செயின். 2009 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. மொத்தம் 21 மில்லியன் பிட்காயினுக்கு மேல் வராது என்று விதியும் எழுதிவிட்டார்கள். வாழைமரக் காசுக்கு நேர் எதிர்!

இது பெரிய சாதனை என்றே நான் நினைக்கிறேன். கைகொடுக்கத் தலைவர் இல்லாமலே ஒரு பேரேட்டை நேர்மையாக வைத்திருக்க முடியும் என்று காட்டியது. ஆனால் விலை? 2010 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலரை நெருங்கியது. ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே இறங்கியது. இப்படி ஆடும் ஒன்றில் வீட்டு வாடகையைப் பேசிக்கொள்ள முடியாது. இரகசியச் சாவியைத் தொலைத்தாலும் யாரிடமும் முறையிட முடியாது. தலைவர் இல்லாத கூட்டில் புகார் மனு வாங்கவும் ஆள் இல்லை.

புத்தகம் சரி, வாக்கு சரியா?

விலை ஆட்டத்தைச் சமாளிக்க வந்தவைதான் ஸ்டேபிள்காயின்கள். ஒரு டோக்கன் எப்போதும் ஒரு டாலர் என்று வாக்குக் கொடுப்பார்கள். ஒழுங்கான நிறுவனம், வெளியிட்ட டோக்கனுக்குச் சமமாக டாலரையோ அரசுப் பத்திரத்தையோ எடுத்து வைக்கும். டெரா யூஎஸ்டி என்ற டோக்கன் அப்படி வைக்கவில்லை. லூனா என்ற இன்னொரு டோக்கனைக் காட்டி, கணினி விதியே விலையைப் பிடித்து நிறுத்தும் என்றார்கள். போட்டு வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி வேறு. 2022 மே மாதம், சில நாள்களில், இரண்டும் சரிந்தன. சுமார் 40 பில்லியன் டாலர் மதிப்பு மறைந்தது. அதை நடத்திய நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது.

அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பரிவர்த்தனைத் தளம் திவாலானது. வாடிக்கையாளர் போட்டு வைத்த பணத்தைத் தன் சகோதர நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். நிறுவனர் சாம் பாங்க்மன்-ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறை. சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனமே அதில் போட்ட 275 மில்லியன் அமெரிக்க டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. இத்தனை நிபுணர்கள் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை!

கவனியுங்கள், இந்த இரண்டிலும் பிளாக்செயின் தப்பாக எழுதவில்லை. புத்தகம் சரியாகத்தான் இருந்தது. பொய் சொன்னவர்கள் புத்தகத்துக்கு வெளியே இருந்தார்கள். அதனால் மூன்றாவது கேள்வி: வாக்குத் தவறினால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த மூன்று கேள்விகளையும் நான் சும்மா எழுதவில்லை. எங்கள் வட்டார வகுப்பில் ஒரு தம்பி, தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து கேட்டான்: “அண்ணே, அம்மா சங்கிலிய அடகு வச்சி ஒரு காயின் வாங்கலாமுன்னு இருக்கேன். மாசம் பதினஞ்சு பெர்சன்ட் தராங்களாம். ஆறு மாசத்துல சங்கிலிய மீட்டுரலாம்.” நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கும் வயசா அது? மூன்று கேள்வியையும் தாளில் எழுதிக் கொடுத்து, “இத அவங்க குரூப்புல கேளு தம்பி, பதில் வந்தா நானும் பாக்குறேன்” என்றேன்.

அடுத்த வாரம் வந்தான். வாக்குக் கொடுத்தது யார் என்றதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் வந்ததாம், முகவரி வரவில்லை. எப்போது வெளியே வரலாம் என்றதற்கு ஆறு மாதத்துக்குப் பணத்தைத் தொட முடியாது என்றார்களாம். மூன்றாவது கேள்வியைத் தட்டி அனுப்பியதும் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். “அண்ணே, பதிலே வரல” என்றான். “தம்பி, வந்துருச்சு” என்றேன்.

இனி வரப்போவது

அப்போ டோக்கனே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. மூன்று மாற்றங்கள் நம் வாழ்நாளிலேயே நடக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, ஒழுங்குக்குள் வந்த ஸ்டேபிள்காயின். 2023 ஆகஸ்டில் சிங்கப்பூர் நாணய ஆணையம் இதற்கு விதிமுறை அறிவித்தது. முழு இருப்பு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 5 வேலை நாளுக்குள் முகமதிப்புப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பாருங்கள், நம் கேள்விகளைத்தான் சட்டமும் கேட்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவும் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது.

இரண்டு, சொத்தின் துண்டுகள். ஒரு கடனீட்டுப் பத்திரத்தையோ கட்டடத்தையோ சிறுசிறு டோக்கன்களாகப் பிரித்தால், லட்சங்கள் இல்லாதவரும் ஒரு துண்டு வாங்கலாம். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022-இல் கார்டியன் என்ற திட்டத்தில் வங்கிகளோடு சேர்ந்து இதைச் சோதிக்கத் தொடங்கியது. இங்கேயும் டோக்கன் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்க வேண்டும்.

மூன்று, நிபந்தனையோடு வரும் பணம். இதைத்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். டோக்கனுக்குள் விதியை எழுதலாம்: அரிசி வாங்க மட்டும், இந்தத் தேதிக்குள் மட்டும், இந்தக் கடையில் மட்டும். ஆர்க்கிட் என்ற திட்டத்தில் சிங்கப்பூர் இந்த வகைப் பணத்தை ஆராய்ந்தது. மலேசியாவில் இதன் சாயலை நாமே அனுபவித்துவிட்டோம். 2025-இல் 18 வயது முதல் எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்ட் வழியாக வந்த சாரா 100 வெள்ளி நினைவிருக்கிறதா? அது பிளாக்செயின் இல்லை. ஆனால் குணம் அதேதான். ரொக்கமாக எடுக்க முடியவில்லை, குறிப்பிட்ட அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும் சென்றது, வருடக் கடைசியோடு காலாவதியானது.

உதவித்தொகை பால்மாவுக்கும் அரிசிக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது நல்ல நோக்கம். அதே கருவி நாளை ஒரு முதலாளியின் கையிலோ ஒரு பெரிய நிறுவனத்தின் கையிலோ போனால்? சம்பளத்தில் ஒரு பங்கை எங்கள் செயலியின் புள்ளிகளாகத் தருகிறோம், எங்கள் கடையில் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், டெலி தோட்டத்துக் காசு கண் முன்னால் வர வேண்டும். சம்பளத்தை எங்கே செலவு செய்வது என்று முதலாளி சொல்லக்கூடாது என்ற சட்டப்பிரிவை அதற்காகத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன். நம் முன்னோர் அடைபட்ட கடை, அழகான செயலியாகத் திரும்பி வரலாம். கதவு எங்கே என்று பார்த்துவிட்டு நுழைவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா முன்னேற்றத்துக்கும் டோக்கன் தேவையில்லை. 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூர் பேநவ்வும் மலேசிய டியூட்நவ்வும் இணைந்துவிட்டன. ஜொகூரில் இருக்கும் அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் கைத்தொலைபேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பலாம். இதில் எந்தக் காயினும் இல்லை, இரண்டு நாட்டு வங்கிகளின் வாக்கு இருக்கிறது.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் எந்த கிரிப்டோவும் சட்டப்படி செல்லும் பணம் இல்லை. 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் நாணயங்களும் டோக்கன்களும் செக்குரிட்டீஸ் கமிஷனின் கண்காணிப்பில் வருகின்றன. அங்கே பதிவு பெற்ற தளங்களின் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் அதன் இணையத்தளத்தில் உண்டு. பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அறத்துக்குப் பின் பொருள்

பணம் சேர்ப்பது பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் பொருளும் ஒன்று. ஆனால் வரிசையைப் பாருங்கள், அறம் முதலில். வள்ளுவரும் அறத்துப்பாலுக்குப் பிறகே பொருட்பாலை வைத்தார். அந்தப் பொருட்பாலுக்குள்ளேயே பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரம், சூது என்று இன்னோர் அதிகாரம். சம்பாத்தியமும் சூதாட்டமும் பக்கத்து வீடுகள் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார் போல.

மகாபாரதத்தில் தருமர் நல்லவர், படித்தவர். சகுனியோடு சூதாட உட்கார்ந்தபோது ஒவ்வொரு ஆட்டத்திலும் போனதை மீட்கவே அடுத்ததை வைத்தார். செல்வம், நாடு, தம்பிமார், தன்னையே, கடைசியில் பாஞ்சாலி. தன்னை இழந்த பிறகு இன்னொருவரைப் பணயம் வைக்க உனக்கு என்ன உரிமை என்று அவள் சபையில் கேட்ட கேள்வி இன்றுவரை நிற்கிறது. அம்மாவின் சங்கிலி, தங்கையின் படிப்புப் பணம், கோயில் இளைஞர் மன்றக் கணக்கில் உள்ள தொகை, இவை எதுவும் நம்முடைய ஆட்டத்துக்கு வைக்கும் பொருள் இல்லை. தன் உழைப்பில் மிஞ்சியதை, இழந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் அளவுக்கு மட்டும், தெரிந்து போடுவது வேறு. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

விலை வேறு, மதிப்பு வேறு. அன்னதானத்தில் பரிமாறும் ஒருவரின் இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பேரேட்டிலும் விலை எழுத முடியாது. எதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் டோக்கன் போடலாம் என்பார்கள், நட்புக்கும் நேரத்துக்கும் கூட. எதற்குப் போடக்கூடாது என்று முடிவு செய்வது நம் தலைமுறையின் வேலை.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை வகை டோக்கன்கள் இருக்கின்றன? இ-வாலட் பாக்கி, கடைப் புள்ளிகள், விளையாட்டுக் காசு, எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். எதையெல்லாம் வெள்ளியாக மாற்ற முடியும்?

2. வீட்டுப் பெரியவர்களிடம் வாழைமரக் காசு, கூட்டு, தோட்டத்துக் கடைக் கணக்கு பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள். அதில் யார் வாக்குக் கொடுத்தார், யார் காப்பாற்றினார்?

3. அரசாங்க உதவி நிபந்தனையோடு வருவது சரியா? ஒரு குழு ஆதரித்தும் ஒரு குழு எதிர்த்தும் பேசுங்கள்.

4. இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள்: வாக்குக் கொடுத்தது யார், அவரைக் கட்டுப்படுத்துவது எது? நினைத்தபோது வெளியே வர முடியுமா? வாக்குத் தவறினால் யாரிடம் கேட்பது? அடுத்த முறை ஒரு நண்பர் “மச்சான், ஒரு சூப்பர் காயின் வந்திருக்கு” என்று சொல்லும்போது, அவரோடு சண்டை போட வேண்டாம். தாளை எடுத்து, இரண்டு பேருமாகப் பதில் தேடுங்கள்.